அண்ணன் பேசுறேன்

செங்காட்டுப் பள்ளம் ஸ்டாப்பா? இன்னும் தூரமிருக்கு தம்பி, உக்காருங்க. பைய மடியில வெச்சுக்கங்க. கீழ வெச்சீங்கன்னா பஸ்சு ஓட்டை வழியா விழுந்து உங்களுக்கு முந்தி அது எறங்கிரும். பக்கெட்டு, பாயி… ரூமுக்குப் போறீங்களா? அப்படிச் சொல்லுங்க. வாயத் தொறந்ததுமே தெரிஞ்சுபோச்சே, நம்ம தெக்கத்திப் பக்கம்னு. எந்த ஊரு, பேரையூரா? அட, நான் உசிலம்பட்டிங்க. பேரு காசிமாயன். திருப்பூருக்கு வந்து முப்பது வருசமாச்சு. பேச்சுல ஒரு 'ங்க' ஒட்டிக்கிருச்சு, மத்தபடி சரக்கு பழைய சரக்குதான்.

எந்தக் காம்பவுண்டுல ரூமு? பொங்கியண்ணன் காம்பவுண்டா?

ஒண்ணுமில்ல தம்பி. அந்தக் காம்பவுண்டுல மூணாவது கதவு என்னோடது. என்னோடதா இருந்துச்சு. இப்ப நான் இந்த பஸ்சு போற கடைசி எடம். அதுக்கு மேல பஸ்சுக்கே வழி தெரியாது. தெனமும் உங்க ஸ்டாப்பத் தாண்டித்தான் போறேன். தாண்டும்போது அந்தப் பக்கம் ஜன்னல்ல உக்கார மாட்டேன், இந்தப் பக்கம்தான்.

அந்தக் கண்டக்டரு என்னைய மொறைக்கிறான் பாத்தீங்களா? போன வாரம் அவன மாதிரியே வாயாலயே விசில் அடிச்சுப்புட்டேன். டிரைவரு நடுரோட்டுல பிரேக்கப் போட்டுட்டாரு. வந்தான் இவன், மூக்குலயே பேசிக்கிட்டு: "யோவ், இன்னொருக்கா உன் வாயி விசில் அடிச்சுது, உன்னையும் உன் வாயையும் தனித்தனியா எறக்கி உட்டுருவேன்." சிரிக்காதீங்க, கேட்டுறப் போறான். இது எனக்குச் சின்னதுலருந்தே இருக்கு. ஒருத்தரு கொரல ரெண்டுதரம் கேட்டாப் போதும், மூணாந்தரம் நான் பேசுவேன், அவரு கேப்பாரு.

பொங்கியண்ணன் காம்பவுண்டு லைன் வீடு. பத்துக் கதவு, ஒரு கொழாய், ரெண்டு கக்கூஸு. காலையில கக்கூஸுக்கு முன்னாடி நிக்கிற வரிசை இருக்கே, ஓட்டுப் போடக்கூட நம்ம சனம் அப்படி ஒழுங்கா நின்னதில்ல. எல்லாம் பனியன் கம்பெனிக் குடும்பம். எங்க வீட்டுக்காரி ஒச்சம்மா ரெண்டு தெரு தள்ளி ஒரு கம்பெனியில செக்கிங். துணியில ஓட்டை இருக்கா, அழுக்கு இருக்கான்னு பாக்கிற வேலை. பாத்துப் பாத்துப் பழகி வீட்டுக்கு வந்து என்னையும் அப்படித்தான் பாப்பா. மக கோபிகா அப்ப பன்னெண்டாவது. பள்ளிக்கூடம் நடந்து போற தூரம். வீடு அங்க இருந்தாத்தான் அவளுக்கு வேலை, இவளுக்குப் படிப்பு. அம்புட்டுதான் எங்க சொத்து, நடந்து போற தூரம்.

நான் வந்த புதுசுல எங்களுக்கு யாரு வீடு குடுத்தா? இதே பொங்கியண்ணனோட அப்பாரு, வாசல்ல நின்னுக்கிட்டுக் கைய ஆட்டுவாரு. இப்படி: "ஏனப்பா, நீங்க தெக்கத்தியானுகளா? ஊடு இல்லீங்க. தெக்கத்தியான உள்ள உட்டா ஒருத்தனுக்குன்னு சொல்லி எட்டுப் பேரு படுப்பீங்க, குடிப்பீங்க, அருவாளத் தூக்குவீங்க." எம்புட்டு அநியாயமான பேச்சு பாருங்க. நாங்க எட்டுப் பேரெல்லாம் படுத்ததே இல்ல. ஒம்பது பேரு.

அது வேற தம்பி. நாம தமிழாளுக. இப்ப வந்தாய்ங்க பாருங்க வடக்கத்தியாய்ங்க, அதுதான் வேற. ரயிலு ரயிலா வந்து எறங்குறாய்ங்க. ஒரு பை, ஒரு போனு. வந்தவய்ங்கதான் நம்ம வீட்டைப் புடுங்குனாய்ங்க. எப்படீன்னு கேளுங்க. குடும்பம் இருந்தா ரூம்புக் கணக்கு, ஒரு ரூம்புக்கு ஒரு வாடகை. பசங்க இருந்தா தலைக்கணக்கு. எத்தன தலையோ அத்தன வாடகை. நான், ஒச்சம்மா, கோபிகா மூணு பேரும் தலைகீழா நின்னாலும் ஒரு வாடகைதான். அதே ரூம்புல பத்துப் பசங்களப் பகலுக்கு அஞ்சு, ராத்திரிக்கு அஞ்சுன்னு மாத்தி மாத்திப் படுக்க வெச்சா? வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? பொங்கியண்ணன் கதவு கதவா குடும்பத்தக் காலி பண்ணாரு. தப்பு யாரு மேல, படுக்க வந்தவய்ங்க மேலதான?

எங்க பக்கத்துக் கதவுலயும் ஒரு வடக்கத்தியான். ஒடிசா. பேரு தீனபந்து, நாங்க தீனான்னு கூப்பிடுவோம். அயர்ன் மாஸ்டரு. பொண்டாட்டி ஜமுனா, மூணு வயசுல ஒரு பொட்டப்புள்ள, குனின்னு கூப்பிடுவாய்ங்க. தீனா தமிழு பேசுனா மரியாதை எங்க போயி உக்காரும்னே தெரியாது. "காசி அண்ணா, நீ சாப்ட்டீங்களா? நாய் வந்தாங்க, சோறு எடுத்துப் போனாங்க." நாய்க்கு மரியாதை, எனக்கு 'நீ'. நல்லவன்தான். வடக்கத்தியான்தான், ஆனா நல்லவன். அவன் வந்துதான் வீடு போச்சுன்னு அவன்கிட்டயே சொல்லியிருக்கேன். "ஆமா அண்ணா, ரொம்பப் பேரு வந்தாங்க அண்ணா"ன்னு தலையாட்டுவான். கொஞ்ச நாள்ல அவனுக்கும் காலி பண்ணச் சொல்லிட்டாரு பொங்கியண்ணன். அவனும் குடும்பமாச்சே, ரூம்புக் கணக்குதான். வீட்டைப் புடுங்க வந்தவனுக்கே வீடு இல்லேன்னா அது எம்புட்டு அநியாயம் பாருங்க.

என் தொழிலச் சொல்லல பாருங்க. மைக்கு. துணிக்கடைத் தள்ளுபடி, கோயில் நோம்பி, காணாமப் போன புள்ள, எல்லாத்துக்கும் ஆட்டோவுல உக்காந்து பேசுற கொரலு நான்தான். போன தேர்தலுக்கு முந்துன தேர்தல்ல எங்க எம்எல்ஏ அண்ணனுக்கு நான்தான் தொண்டை. உண்மையிலேயேங்க. பிரச்சாரம் தொடங்குன மூணாம் நாளு அண்ணனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அவரோட பி.ஏ. உலகநாதன் என்னையக் கூப்பிட்டு, "நீ பேசுவியாமே, பேசு"ன்னாரு. பேசுனேன். அண்ணன் சோபாவுல கெடந்தவரு எந்திரிச்சு உக்காந்துட்டாரு.

ஆட்டோவுக்குப் பின்னாடி அண்ணன் மூஞ்சி போட்ட பெரிய துணி. துணிக்குப் பின்னாடி நான். "க்ஹ்ம்… தாய்மார்களே! இந்தத் தொகுதியில… வீடில்லாத கடைசித் தொழிலாளிக்கு… வீடு கிடைக்கும் வரை… இந்தக் கால்… செருப்பு போடாது!" மூணு வார்த்தைக்கு ஒரு மூச்சு. அதான் அண்ணன். மேடையில செருப்பில்லாமத்தான் நிப்பாரு. செருப்பு காருல இருக்கும்.

செயிச்சாரு. வீடு? எங்க வீடு? ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அடுக்குமாடி கட்டி, திறப்பு விழா நடத்தி, யாருக்கோ குடுத்தாய்ங்க. கக்கூஸு வரிசையில என்னையப் புடிச்சுக்குவாய்ங்க சனங்க. "ஏய்யா, வீடு தாரேன்னு நீதானய்யா சொன்ன?" கொரலுதான் என்னோடது, சொன்னது அண்ணன்னு நான் சொல்வேன். "அண்ணன் சொல்லி நாங்க கேக்கவே இல்லையே, நீ சொல்லித்தான கேட்டோம்"பாய்ங்க. சனத்துக்கு வெவரம் பத்தாது தம்பி.

சரி, விசயத்துக்கு வாரேன். அடுத்த தேர்தல் நெருங்குது. மார்கழி மாசம் பொங்கியண்ணன் வந்தாரு. வெத்தலைய ஒரு பக்கம் ஒதுக்கிக்கிட்டு: "காசிமாயா, தை பொறந்தா ஊட்டக் காலி பண்ணிப்போடு. நாலு கதவு ஒண்ணா வேணும்னு காண்ட்ராக்டரு கேக்கறான். நானு என்ன பண்டறது சொல்லு, என்றகிட்ட என்ன இருக்குது?" இருக்கறது பத்துக் கதவு, ரெண்டு காரு, ஒரு தோட்டம். என்ன பண்ணுவாரு பாவம்.

கோபிகாவுக்குப் பெரிய பரீட்சை வருது. ஒச்சம்மா ராவெல்லாம் ஒரு பக்கமா படுத்து செவுத்தப் பாக்குறா. நான் தீனாகிட்டப் போனேன். "தீனா, உன் போனக் குடுறா." என் நம்பரு பொங்கியண்ணனுக்குத் தெரியும்ல, அவனுது தெரியாது. குடுத்தான். குனி என் மடியில. நானும் தீனாவும் அவன் வீட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறோம், பொங்கியண்ணன் எதுத்தாப்புல அவரு வீட்டு வாசல்ல வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு டீ குடிக்கிறாரு. போன எடுத்தாரு.

"க்ஹ்ம்… யாரு, பொங்கியண்ணனா? அண்ணன் பேசுறேன்."

"எந்தண்ணனுங்?"

"இந்தத் தொகுதிக்கு… எத்தன அண்ணன்… வெச்சிருக்கே?"

தம்பி, சத்தியமா சொல்றேன். அந்த மனுசன் எந்திரிச்சாரு. டீ டம்ளரக் கீழ வெச்சாரு. மடிச்சுக் கட்டுன வேட்டிய அவுத்து உட்டாரு! போனுல பேசுறவனுக்கு வேட்டி தெரியுமா? "சேரீங்ணா. சேரீங்ணா. ஒருத்தரையும் காலி பண்ண மாட்டனுங்ணா. தேர்தல் நேரமுங்ளா, ஆமாங்ணா, தெரியுமுங்ணா." தீனா துண்ட வாயில வெச்சு அமுக்கிக்கிட்டான், கண்ணுல தண்ணி. குனி கையத் தட்டுது. அந்தப் புள்ளைக்கு அன்னையிலருந்து அதே வேலை. என்னையப் பாத்தாலே, "மாமா, அண்ணன் பேசு!" சோறு ஊட்டணுமா, அண்ணன் பேசு. தூங்கணுமா, அண்ணன் பேசு.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் தம்பி, அந்தக் காம்பவுண்டு மாதிரி ஒரு காம்பவுண்டு தமிழ்நாட்டுலயே கெடையாது. செப்டிக் டேங்க்கு நெறஞ்சு நாறுனுச்சு. அண்ணன் பேசுனாரு, மறுநாளு லாரி வந்துச்சு. நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வந்தது, வாரத்துக்கு ரெண்டு தடவ ஆச்சு, பொங்கியண்ணன் சொந்தத் தொட்டியத் தொறந்து உட்டாரு. வாசல்ல லைட்டு. கூரை ஓட்டுல ஒரு ஓட்டையில்ல. எல்லாத்துக்கும் தீனா போனுதான். அஞ்சு வருசத்துல எம்எல்ஏ செய்யாதத மூணாவது கதவுல குந்திக்கிட்டு நான் செஞ்சேன். செல்லம்மக்கான்னு ஒரு கிழவி, அடுத்த தேர்தல்ல உனக்குத்தான்யா ஓட்டுன்னு எனக்குத் திருநீறு பூசிட்டுப் போச்சு. ஒச்சம்மா மட்டும், "போதும், நிறுத்திக்க"ன்னா. செக்கிங் புத்தி. எது நல்லாயிருந்தாலும் திருப்பிப் போட்டு ஓட்டை தேடுவா.

மாரியம்மன் நோம்பி வந்துச்சு. காம்பவுண்டுக்கு நடுவுல மாவிளக்கு, பானகம், ஸ்பீக்கரு. நம்மளத்தான் மைக்கப் புடிக்கச் சொன்னாய்ங்க. முதல்ல கண்டக்டரு கொரலு, அப்புறம் டீக்கடைக்காரரு, அப்புறம் தீனா. சனம் உருளுது. "அண்ணன! அண்ணன!"ங்குது. கை தட்டிக் கேட்டா ஒரு கலைஞன் என்ன தம்பி பண்ணுவான்? அண்ணனும் பொங்கியண்ணனும் போனுல பேசுறத ரெண்டு கொரலயும் சேத்துப் போட்டேன். "சேரீங்ணா, சேரீங்ணா"ன்னு சொல்லி, மடிச்சுக் கட்டுன கைலிய அவுத்து உட்டேன் பாருங்க, அப்படியொரு சிரிப்பு. சிரிப்பு திடீர்னு நின்னுச்சு. திரும்பிப் பாக்கறேன், பானகச் செம்போட நிக்கறாரு பொங்கியண்ணன்.

அடிப்பாருன்னு நெனச்சேன். சிரிச்சாரு. "நல்லாப் பண்டறடா"ன்னு சொல்லிப் பானகத்தக் குடுத்தாரு. நானும் குடிச்சேன். பெரிய மனுசன், வெளையாட்ட வெளையாட்டா எடுத்துக்கிட்டாருன்னு நெனச்சேன்.

அடுத்த வாரம் உண்மையான அண்ணன் பொங்கியண்ணனுக்குப் போனப் போட்டாரு. இவரு தோட்டத்துப் பக்கத்துக் காலி நெலத்துல கூட்டம் போடணும், எடம் கேக்க. நான் அங்க இல்ல. ஒச்சம்மா கொழாயடியில நின்னு கேட்டிருக்கா. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஆனா நான் பேசுனா நீங்க நேருல பாத்த மாதிரி. அந்தப் பக்கம்: "க்ஹ்ம்… பொங்கியண்ணனா? அண்ணன் பேசுறேன்." இந்தப் பக்கம் இவரு வெத்தலையத் துப்பிட்டு:

"டேய் காசிமாயா! இன்னிக்கு எவன் போனக் கடன் வாங்கியிருக்கற? அண்ணனாமா அண்ணன்! அஞ்சு வருசமா ஒரு சாக்கடை தோண்ட வக்கில்ல, ஊடு குடுக்கறானாமா ஊடு! நீ மேடையில கழட்டற செருப்ப எடுத்துட்டு வாடா, அதுலயே உனக்குக் குடுக்கறன்! தூ!"

கொழாயடியில நின்ன சனமெல்லாம் கை தட்டியிருக்கு தம்பி. ஊரே மனசுக்குள்ள வெச்சிருந்தது அது. ஒருத்தனும் அண்ணன் காதுல சொன்னதில்ல. பொங்கியண்ணன் ஒருத்தருதான் சொன்னாரு, அதுவும் நான்னு நெனச்சு.

அன்னைக்கே உலகநாதன் ஆளுகளோட வந்துட்டாரு. பொங்கியண்ணன் கால்ல விழுந்து, தரையோட தரையாக் கெடந்து, முன்னாடி வந்த நம்பரக் காட்டிட்டாரு. என்னையத் தனியாக் கூப்பிட்டாரு உலகநாதன். கிசுகிசுன்னு பேசுவாரு, பல்லு தொறக்காம: "உன்னைய வெளிய காட்டுனா என்னாகும் தெரியுமா? போன தேர்தல்ல துணிக்குப் பின்னாடி பேசுனது யாருன்னு எதிர்க்கட்சிக்காரன் கேப்பான். அண்ணன் குடுத்த வாக்கெல்லாம் அண்ணன் வாயிலயே வரலைன்னு ஆயிரும். அதனால நீ பேசல. புரியுதா? இந்த நம்பரு யாரோடது?"

கேட்டாரு, சொன்னேன். பெரியவங்க கேட்டா சொல்லணுமில்ல. "பக்கத்து ரூம்புங்க. ஒடிசாக்காரன்."

"அப்புறம் என்ன"ன்னாரு. அப்பாடான்னு அவரு மூஞ்சியில ஒரு வெளிச்சம்.

தீனாவக் கூட்டிட்டுப் போனாய்ங்க. நான் பயப்படல தம்பி, ஏன்னு கேளுங்க. அவன் பேசுற தமிழுக்கு, அவன் எம்எல்ஏ மாதிரிப் பேசுனான்னு யாராச்சும் நம்புவாய்ங்களா? "அண்ணன் பேசுறாங்க, நீ எப்படி இருக்கீங்க"ம்பான். ரெண்டு வார்த்தை பேசவெச்சாலே சிரிச்சு அனுப்பிருவாய்ங்கன்னு நெனச்சேன். பேசவே விடல போல. மறுநாள் வந்தான். ஒரு கண்ணு மூடியிருந்துச்சு. யாரு பேசுனான்னு கேட்டதுக்கு, "என் போன். யாரு பேசினாங்க, தெரியாது"ன்னு மட்டும் சொல்லியிருக்கான். விவரமில்லாதவன். ஏதாச்சும் ஒரு பேரச் சொல்லித் தொலைச்சிருந்தா அடி கொறஞ்சிருக்கும்.

அண்ணன் என்னையக் கைவிடல. அதையும் சொல்லணும். மறுபடி ஆட்டோ, மறுபடி துணி. காம்பவுண்டுல உன் கதவ ஒருத்தனும் தொட மாட்டான்னாரு உலகநாதன். எழுதிக் குடுத்தத மைக்குல சொல்லணும், அவ்வளவுதான். சொல்லட்டுமா? "க்ஹ்ம்… என் அருமை மக்களே! என் குரலில் பேசி… உங்களை ஏமாற்றும்… வடமாநிலக் கும்பல்… நம் ஊருக்குள் புகுந்திருக்கிறது! உங்கள் வேலை போனது… உங்கள் வீடு போனது… யாரால்? எச்சரிக்கை!"

என்னங்க அப்படிப் பாக்குறீங்க? பொய்யா அது? வீடு போச்சா இல்லையா?

தெருத் தெருவாப் போறோம். எங்க தெருவுக்குள்ள திரும்பும்போது டிரைவர்கிட்ட வேகமாப் போன்னேன். அவன் என்னடான்னா, சனம் நிக்குதுன்னு காம்பவுண்டு வாசல்லயே மெதுவாக்கிட்டான். துணியில அண்ணன் கண்ணு இருக்கற எடத்துல ஒரு கிழிசல். அது வழியாப் பாத்தேன். தீனா நிக்கிறான், இடுப்புல குனி. அவன் துணியப் பாக்குறான். அண்ணன் மூஞ்சியப் பாக்குறான். நான் "எச்சரிக்கை"ன்னு முடிச்சேனா, அந்தப் புள்ளை ரெண்டு கையையும் தட்டிக்கிட்டு, "மாமா! மாமா! இன்னும் பேசு!"ங்குது.

எழுதிக் குடுத்தது இன்னும் ஒரு பக்கம் இருந்துச்சு. பேசுனேன்.

சாயங்காலம் வந்து பாத்தா தீனாவோட நாலாவது கதவு பூட்டு. ரயிலுக்குப் போயிட்டாய்ங்கன்னா ஒச்சம்மா. அவகிட்ட மட்டும் ஏதோ சொல்லிட்டுப் போயிருக்கான். என்னடி சொன்னான்னு கேட்டேன். இன்னைக்கு வரைக்கும் சொல்லல. மனசு வலிக்குமா வலிக்காதா தம்பி? அத்தன வருசம் பக்கத்துக் கதவு. எம்புட்டு சிரிச்சிருக்கோம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல? அதான் வடக்கத்தியாய்ங்க. பாசம் பத்தாது.

அப்புறம் என்ன. கும்பல் ஒளிஞ்சிருக்கற எடம்னு பேரு ஆயிருச்சுல்ல, அதிகாரிக வந்தாய்ங்க. பாத்தா கட்டடத்துக்கு அனுமதியே கெடையாது, பாதி தண்ணி ஓடற பள்ளத்து மேல நிக்குது. மொத்தமாக் காலி பண்ணி சீல் வெச்சாய்ங்க. எல்லாக் கதவும். மூணாவது கதவும். உலகநாதனுக்குப் போனப் போட்டா எடுக்கல. அண்ணன் கொரல்ல வேற நம்பர்லருந்து போட்டேன், எடுத்தாரு. "அண்ணே, சொல்லுங்கண்ணே"ன்னாரு. நான் காசிமாயன்னேன். வெச்சுட்டாரு.

அண்ணன் தோத்துட்டாரு. வேற அண்ணன் செயிச்சாரு. சீலு ஒரு மாசத்துல போயிருச்சு. பெயிண்டு அடிச்சு, இரும்புக் கட்டிலு மேல கட்டிலாப் போட்டு, மொத்தக் காம்பவுண்டையும் காண்ட்ராக்டருக்குக் குடுத்துட்டாரு பொங்கியண்ணன். அந்தக் கட்டிலுலதான் இன்னைக்கு நீங்க படுக்கப் போறீங்க. தலைக்கணக்கு.

நான் பொங்கியண்ணன் வீட்டுக்குப் போனேன் தம்பி. ஒச்சம்மாவுக்குத் தூரம்னு வேலைய நிறுத்திட்டாய்ங்க. பரீட்சைக்கு முந்துன வாரம் வீடு மாத்துனதுல கோபிகா ரெண்டு பாடத்துல போயிட்டா, பனியனுக்குப் பிசிறு வெட்டப் போறா. அதெல்லாம் சொல்லி, ஒரே ஒரு ரூம்பு, ஓரமா, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு சாமான் ரூம்பு இருக்குதுல்ல, அதையாச்சும் குடுங்கன்னு கேட்டேன். அழுதேன்னே வெச்சுக்கங்க. எந்தக் கொரலும் போடல. என் கொரல்லதான் கேட்டேன்.

அவரு வெத்தல மெல்லறத நிறுத்திட்டாரு. தலையச் சாச்சுக் கேட்டாரு. அப்புறம் மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"அட! இது யாரு கொரலுடா? இத்தன நாளு கேட்டதேயில்லையே! அழுவாச்சிகூட அப்படியே வருது! ஏ சரசா, இவத்திக்கு வந்து பாரு, காசிமாயன் புதுசா ஒண்ணு புடிச்சிருக்கறான். டேய், இன்னொருக்கா பண்டு, அம்மா பாக்கட்டும்."

அவரு வீட்டம்மா கையத் தொடச்சுக்கிட்டு வந்து நின்னுச்சு. ரெண்டு பேரும் பாக்கறாங்க.

பண்ணேன் தம்பி. முதல்லருந்து பண்ணேன். ரெண்டாந்தரம் இன்னும் நல்லா வந்துச்சு. அந்தம்மா வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. போகும்போது ஒரு தார் வாழப்பழம் குடுத்து உட்டாங்க, நல்லவங்க.

இப்ப புது அண்ணனுக்குப் பழகிக்கிட்டிருக்கேன். உள்ளாட்சித் தேர்தல் வருதாம், கூப்பிட்டிருக்காய்ங்க. இவருக்குக் கொரலு சன்னம், கீச்சுன்னு ஏறும். வார்த்தையெல்லாம் அதேதான், வீடு, கடைசித் தொழிலாளி எல்லாம். மூச்சு விடற எடம்தான் வேற. ஒச்சம்மா வீட்டுல பழகக் கூடாதுன்னுட்டா. அதான் பஸ்சுல.

அந்தா, புளியமரம் தெரியுதா? அதுதான் செங்காட்டுப் பள்ளம். எந்திரிங்க. பக்கெட்ட எடுத்துக்கங்க. உள்ள போனதும் வெத்தல போட்ட ஒருத்தரு எந்த ஊருன்னு கேப்பாரு. பேரையூருன்னு சொல்லிராதீங்க. தெக்கத்தியான்னா இன்னும் அவருக்கு ஆகாது. எங்கூட உக்காந்து வந்தேன்னும் சொல்லாதீங்க. மூணாவது கதவு கெடச்சா, தாழ்ப்பாளத் தூக்கிப் போடணும், தள்ளுனா விழுகாது.

என்ன, நிப்பாட்ட மாட்டேங்கறான்? சார்! கண்டக்டர் சார்! ஆளு எறங்கணும்! ஏங்க! காதுல விழுகலையா?

இருங்க தம்பி. படிக்கட்டுல நில்லுங்க, கம்பியப் புடிச்சுக்கங்க.

ப்ர்ர்ரீச்!

நின்னுச்சா? எறங்குங்க, எறங்குங்க, அவன் வாரதுக்குள்ள. பாத்துப் போங்க… போலாம், ரைட்!